இரத்த வெள்ளணுக்களில் சைட்டோகைன் ஏற்பிகளைக் கண்டறிவது எப்படி?

நோயெதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பெரும்பாலும் சைட்டோகைன்கள் என்னும் சிறு புரதங்களையே பயன்படுத்துகின்றன. ஒரு செல் வெளியிடும் சைட்டோகைன் இன்னொரு செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பியில் போய் ஒட்டியதும், அந்தச் செல் பெருகுவதா, மடிவதா, புதிய புரதங்களை உருவாக்குவதா, வேறிடம் நோக்கி நகர்வதா என்பவை அங்கிருந்து தீர்மானமாகின்றன. இரத்தத்தில் ஒரு குறிப்பிட்ட சைட்டோகைன் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது இப்போது பல ஆய்வகங்களில் வழக்கமான சோதனையாகிவிட்டது. ஆனால் அந்த எண் பாதிச் செய்தியைத்தான் தருகிறது. சைட்டோகைன் எவ்வளவு மிதந்தாலும், அதற்குரிய ஏற்பி இல்லாத செல்லுக்கு அது இருப்பதும் இல்லாததும் ஒன்றே. ஆகவே எந்த வகைச் செல்லில், எந்த ஏற்பி, எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது தனியொரு கேள்வியாகிறது.

வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்லை அடையாளம் காண சி.டி.3 என்ற புரதத்தையும், அதில் உதவி டி செல்லைப் பிரித்தறிய சி.டி.4 என்ற புரதத்தையும் நிறமேற்றிப் பார்க்கிறோம். ஏற்பியையும் அதே முறையில் பார்த்துவிடலாமே என்று தொடக்கநிலை மாணவருக்குத் தோன்றுவது இயல்பு. முறை என்னவோ அதேதான். ஆனால் எண்ணிக்கையில் பெரும் வேறுபாடு இருக்கிறது. ஓர் உதவி டி செல்லின் மேற்பரப்பில் சி.டி.4 மூலக்கூறுகள் பல பத்தாயிரக்கணக்கில் இருக்கின்றன. சைட்டோகைன் ஏற்பிகள் பலவும், ஓய்வு நிலையில் உள்ள செல்லில், சில நூறு அல்லது ஓரிரு ஆயிரம் என்ற அளவில்தான் காணப்படுகின்றன. சில ஏற்பிகள் அதனினும் குறைவு. சி.டி.4 இருக்கிறதா என்ற கேள்விக்கு, நிறமேறிய செல்களை அளக்கும் கருவி தயக்கமின்றி விடை சொல்லும். ஏற்பி இருக்கிறதா என்ற கேள்விக்கு அதே கருவி தரும் விடை, கேட்டவர் எவ்வளவு கவனமாகக் கேட்டார் என்பதைப் பொறுத்தது. ஏற்பி தெரியவில்லை என்பதால் அது இல்லை என்று முடிவுகட்டவும் கூடாது. தெரிகிறது என்பதால் அது வேலை செய்கிறது என்று நம்பிவிடவும் கூடாது. இந்த இரண்டு எச்சரிக்கைகளும் எங்கிருந்து வருகின்றன என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

சில நூறு ஏற்பிகள் எப்படிப் போதுமாகின்றன?

சைட்டோகைன்களில் ஒன்றான இன்டர்லூகின்-2இன் ஏற்பியை எடுத்துக்கொண்டால் பல கேள்விகளுக்கு ஒரே இடத்தில் விடை கிடைக்கும். இந்த ஏற்பி மூன்று சங்கிலிகளால் ஆனது: ஆல்ஃபா சங்கிலி சி.டி.25 என்றும், பீட்டா சங்கிலி சி.டி.122 என்றும், காமா சங்கிலி சி.டி.132 என்றும் பெயர் பெற்றவை. ஆல்ஃபா மட்டும் இருக்கும் செல்லில் இன்டர்லூகின்-2 வந்து ஒட்டும், ஆனால் பிடிப்பு தளர்வானது. பாதி ஏற்பிகள் நிறைய ஏறத்தாழ 10 நானோமோலார் செறிவு தேவைப்படும். அது மட்டுமன்றி, ஆல்ஃபாவால் செல்லுக்குள் சமிக்ஞை எதையும் அனுப்ப முடியாது. பீட்டாவும் காமாவும் சேர்ந்திருந்தால் சமிக்ஞை போகும். அதற்கு ஏறத்தாழ 1 நானோமோலார் வேண்டும். மூன்றும் ஒன்றுகூடினால் 10 பிகோமோலார் அளவே போதும், அதாவது ஆல்ஃபா தனித்து நிற்கும்போது தேவைப்படுவதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பிடிப்பு இவ்வளவு வலுவாக இருப்பதாலும், ஒட்டிய ஒவ்வொரு மூலக்கூறும் செல்லுக்குள் நொதிகள் வழியாகப் பன்மடங்காகப் பெருக்கப்படுவதாலும், செல்லுக்கு ஏற்பிகள் பல்லாயிரக்கணக்கில் தேவைப்படுவதில்லை. செல்லின் இந்தச் சிக்கனம்தான் அளக்க வருபவருக்குத் தலைவலியாகிறது.

இதே எடுத்துக்காட்டு இன்னொன்றையும் கற்றுத்தருகிறது. காமா சங்கிலி இன்டர்லூகின்-2க்கு மட்டும் உரியதன்று. இன்டர்லூகின்-4, 7, 9, 15, 21 ஆகியவற்றின் ஏற்பிகளும் அதையே பகிர்ந்துகொள்கின்றன. அந்தச் சங்கிலிக்கான மரபணுவில் பழுதோடு பிறக்கும் ஆண் குழந்தைகளுக்குக் கடுமையான நோயெதிர்ப்புக் குறைபாடு உண்டாகிறது என்று 1993இல் கண்டறியப்பட்டது. ஒரு மரபணு கெட்டதும் ஆறு சைட்டோகைன்களின் செய்தியும் ஒருசேர அறுந்துபோவதே அந்நோயின் கடுமைக்குக் காரணம். ஆகவே "இன்டர்லூகின்-2 ஏற்பி இருக்கிறதா?" என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. எந்தச் சங்கிலி, எந்தத் துணைச் சங்கிலியோடு, எந்தச் செல்லில் என்று கேட்க வேண்டும். சி.டி.25 மட்டும் கண்ணில் பட்டதை வைத்து அந்தச் செல் குறைந்த அளவு இன்டர்லூகின்-2க்கும் மறுமொழி கொடுக்கும் என்று எழுதிவிட முடியாது. இரத்தத்தில் உள்ள இயற்கைக் கொல்லிச் செல்களில் பெரும்பாலானவற்றில் பீட்டாவும் காமாவும் உண்டு, ஆல்ஃபா கிடையாது, சி.டி.56 என்ற புரதம் அதிகமாக உள்ள சிறுபான்மைப் பிரிவில் மட்டும் ஆல்ஃபாவும் இயல்பாகவே இருப்பதால், மற்றவை கண்டுகொள்ளாத அளவு இன்டர்லூகின்-2க்கும் அவை மறுமொழி தருகின்றன.

அடிப்படைக் கருவி

1981இல் இன்டர்லூகின்-2 ஏற்பியை முதன்முதலில் எண்ணியவர்கள், கதிரியக்கக் குறியிட்ட இன்டர்லூகின்-2ஐ டி செல்களோடு கலந்து, எவ்வளவு ஒட்டுகிறது என்று அளந்தார்கள். நுட்பமான முறைதான், ஆனால் அது இலட்சக்கணக்கான செல்களின் சராசரியைத் தந்ததே தவிர, தனிச்செல்லைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இரத்தமோ பலவகைச் செல்களின் கலவை; சராசரியில் சிறுபான்மைச் செல்கள் காணாமல் போய்விடும்.

இன்று பரவலாகப் பயன்படும் ஃப்ளோ சைட்டோமெட்ரி அந்தக் குறையைத் தீர்க்கிறது. 1960களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லெனார்ட் ஹெர்சன்பர்க் குழுவினர், ஒளிரும் செல்களைப் பிரித்தெடுக்கும் கருவியை உருவாக்கினார்கள். 1975இல் ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும் ஒரே இலக்கை மட்டும் பிடிக்கும் ஒற்றை வகை எதிர்ப்பொருள்களை, அதாவது மோனோக்ளோனல் ஆன்டிபாடிகளை, ஆய்வகத்தில் வேண்டிய அளவு உற்பத்தி செய்யும் வழியைக் காட்டினார்கள். இவ்விரண்டும் சேர்ந்த பிறகு எதிர்ப்பொருள்கள் பெருகின. ஒரே மூலக்கூறுக்கு ஆளுக்கொரு பெயர் சூட்டும் குழப்பத்தைத் தவிர்க்க 1982இல் பாரிஸில் கூடிய கருத்தரங்கில் சி.டி. எண் முறை தொடங்கியது. சைட்டோகைன் ஏற்பிகள் பலவும் இன்று சி.டி. எண்ணாலேயே அறியப்படுகின்றன: இன்டர்லூகின்-6 ஏற்பி சி.டி.126, இன்டர்லூகின்-7 ஏற்பியின் ஆல்ஃபா சங்கிலி சி.டி.127, இன்டர்ஃபெரான்-காமா ஏற்பியின் முதல் சங்கிலி சி.டி.119, டி.என்.எஃப். என்னும் சைட்டோகைனின் ஏற்பிகள் இரண்டும் சி.டி.120ஏ, சி.டி.120பி.

கருவியின் செயல்பாடு எளியது. ஒளிர்சாயம் இணைத்த எதிர்ப்பொருள்களைச் செல்களோடு கலந்து, ஒட்டாமல் மிதப்பவற்றைக் கழுவி நீக்குகிறோம். பிறகு செல்கள் ஒரு மெல்லிய திரவ ஓட்டத்தில் ஒன்றன்பின் ஒன்றாக லேசர் கதிரைக் கடந்து செல்கின்றன. ஒவ்வொரு செல்லும் சிதறடிக்கும் ஒளியிலிருந்து அதன் பருமனும் உட்புறச் சிக்கலும், ஒவ்வொரு சாயமும் உமிழும் ஒளியிலிருந்து அந்தந்தப் புரதத்தின் அளவும் பதிவாகின்றன. நொடிக்கு ஆயிரக்கணக்கான செல்களை இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

இரத்தம் எடுத்த கணத்திலிருந்து

ஏற்பி என்பது செல்லின் மேற்பரப்பில் நிலையாகப் பதிக்கப்பட்ட ஒன்று என்ற எண்ணம் தவறு. சைட்டோகைன் வந்து ஒட்டியதும் பல ஏற்பிகள் அதையும் இழுத்துக்கொண்டு செல்லுக்குள் போய்விடுகின்றன. இன்டர்லூகின்-7ஐச் சந்தித்த டி செல்லில் சி.டி.127 குறைந்துவிடும், மேற்பரப்பில் இருந்தவை உள்ளே போவது ஒருபுறமிருக்க, புதியவற்றின் உற்பத்தியும் தணிக்கப்படுகிறது. வேறு சில ஏற்பிகள் வெட்டி உதிர்க்கப்படுகின்றன. செல் தூண்டப்படும்போது ஏடாம்17 என்னும் நொதி டி.என்.எஃப். ஏற்பிகளையும் இன்டர்லூகின்-6 ஏற்பியையும் மேற்பரப்பிலிருந்து அறுத்துப் பிளாஸ்மாவில் விட்டுவிடுகிறது. அப்படி உதிர்ந்த இன்டர்லூகின்-6 ஏற்பி சும்மா கிடப்பதில்லை. அது இன்டர்லூகின்-6ஐப் பிடித்துக்கொண்டு, தனக்கென அந்த ஏற்பி இல்லாத செல்லையும் சி.டி.130 என்ற துணைச் சங்கிலி வழியாகத் தூண்டிவிடும். "இந்தச் செல்லில் சி.டி.126 இல்லை, ஆகவே இன்டர்லூகின்-6 இதைப் பாதிக்காது" என்ற முடிவு பிழையாகப் போகும் வழிகளில் இது ஒன்று.

இரத்தம் குழாயில் காத்திருக்கும் நேரம், வெப்பநிலை, உறைவு தடுப்பான் எது என்பவை இதனாலேயே முக்கியமாகின்றன. காலையில் எடுத்த இரத்தத்தையும் முந்தைய நாள் எடுத்து அறை வெப்பநிலையில் வைத்திருந்த இரத்தத்தையும் ஒரே தொகுப்பில் ஒப்பிட்டால், காணப்படும் வேறுபாடு நோயாளிகளுடையதா, காத்திருப்பினால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. முழு இரத்தத்திலேயே நிறமேற்றிவிட்டுப் பின்னர் அம்மோனியம் குளோரைடு கரைசலால் சிவப்பணுக்களை உடைத்து நீக்குவது விரைவான வழி. நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளணு வகையையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் இதுவே பொருத்தம். மாறாக, மில்லிலிட்டருக்கு 1.077 கிராம் அடர்த்தி கொண்ட ஃபிகால் கரைசலின் மேல் இரத்தத்தை ஊற்றிச் சுழற்றினால், லிம்ஃபோசைட்டுகளும் (டி செல்கள் போன்றவை) மோனோசைட்டுகள் என்னும் இன்னொரு வகை வெள்ளணுக்களும் இடைப்படலமாகத் தேங்கி நிற்கும். நியூட்ரோஃபில்கள் சிவப்பணுக்களோடு அடியில் போய்விடும். அவ்வாறு பிரித்த செல்களை உறையவைத்துப் பல மாதங்களுக்குப் பின் ஒரே நாளில் அளப்பது வசதியானது. ஆனால் உறைந்து உருகியதால் தான் பார்க்கும் ஏற்பி மாறுகிறதா என்பதை, புதிய மாதிரியோடு ஒருமுறையாவது ஒப்பிட்டு உறுதி செய்யாமல் அந்த வசதியை நம்பக் கூடாது.

நிறமேற்றும்போது செல்களைப் பனிக்கட்டி மேல் வைத்து, கழுவும் கரைசலில் சிறிது சோடியம் அசைடு சேர்ப்பது பொதுவான பழக்கம். குளிரில் செல் சவ்வின் அசைவு குறைவதால் ஏற்பியை உள்ளிழுப்பது தடைபடுகிறது. இதற்கும் விதிவிலக்கு உண்டு. சைட்டோகைன்களில் ஒரு வகையான கீமோகைன்களின் ஏற்பிகளில் சி.சி.ஆர்.7 போன்றவை 37 டிகிரி செல்சியஸில் வைத்தால்தான் தெளிவாக நிறமேறுகின்றன.

மங்கிய ஒளியும் அதன் பகைவர்களும்

சில நூறு மூலக்கூறுகளிலிருந்து வரும் ஒளியை அளப்பது, அடைமழையின் இரைச்சலுக்கு நடுவே குழாய் சொட்டும் ஓசையைக் கேட்க முயல்வதற்கு ஒப்பாகும். அந்த இரைச்சல் எங்கெங்கிருந்து வருகிறது?

முதலாவது, செல் தானாகவே உமிழும் ஒளி. எந்தச் சாயமும் போடாத செல்லும் லேசர் பட்டால் சிறிது ஒளிரும். மோனோசைட்டுகளிலும் ஈயோசினோஃபில்களிலும் இது லிம்ஃபோசைட்டுகளைவிட அதிகம். எனவே மோனோசைட்டில் ஏற்பி கூடுதலாக இருப்பதுபோல் தோன்றினால் முதலில் ஐயப்பட வேண்டியது இதையே. இரண்டாவது, எதிர்ப்பொருளின் வால் பகுதியைப் பிடிக்கும் எஃப்.சி. ஏற்பிகள். சி.டி.16, சி.டி.32, சி.டி.64 என்னும் இவை மோனோசைட்டுகளிலும் நியூட்ரோஃபில்களிலும் இயற்கைக் கொல்லிச் செல்களிலும் வெவ்வேறு அளவில் இருப்பதால், எதிர்ப்பொருள் தன் இலக்கைத் தேடிப் போகாமல் வாலால் மாட்டிக்கொள்கிறது. நிறமேற்றுமுன் மனித இம்யூனோகுளோபுலினைக் கலந்து அந்த இடங்களை அடைத்துவிடுவது இதற்குத் தீர்வு. மூன்றாவது, இறந்த செல்கள். அவை கண்டதையும் ஒட்டவைத்துக்கொள்ளும். உயிருள்ள செல்லையும் இறந்த செல்லையும் பிரித்துக்காட்டும் சாயம் ஒன்றைச் சேர்க்காத அளவீட்டில் வரும் அரிதான "நேர்மறை" செல்கள் பலவும் பிணங்களாகவே இருக்கக்கூடும்.

நான்காவது பகைவரைத்தான் தொடக்கநிலையில் உள்ளவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஒவ்வொரு சாயத்தின் ஒளியும் அடுத்த சாயத்துக்கான அலைநீளத்திலும் கொஞ்சம் வழிகிறது. வழிந்த சராசரி அளவைக் கணக்கிட்டுக் கழித்துவிட முடியும். ஆனால் அந்த வழிவு செல்லுக்குச் செல் ஏறி இறங்குவதால் உண்டாகும் பரவலைக் கழிக்க முடியாது. மிகுதியாக இருக்கும் சி.டி.3க்குப் பளிச்சிடும் சாயத்தைக் கொடுத்து, பக்கத்து அலைநீளத்தில் மங்கலான ஏற்பியை வைத்தால், சி.டி.3இன் பரவல் ஏற்பியின் ஒளியை விழுங்கிவிடும். எனவே சாயங்களைப் பங்கிடும் விதி ஒன்று உண்டு: நிறைய இருக்கும் புரதத்துக்கு மங்கிய சாயம், அரிதான ஏற்பிக்கு மிகப் பளிச்சிடும் சாயம், அந்தச் சாயத்தின் அண்டையில் இயன்றவரை வெற்றிடம். ஏற்பிக்கென்று பலரும் தேர்ந்தெடுப்பது சிவப்புப் பாசிகளிலிருந்து கிடைக்கும் ஃபைகோஎரித்ரின் என்னும் புரதச் சாயத்தை. அதன் ஒரு மூலக்கூறுக்குள்ளேயே முப்பதுக்கும் மேற்பட்ட நிறமிக் குழுக்கள் அடங்கியிருப்பதால் ஒளி வலுவானது. அதே ஏற்பிக்கு ஃப்ளோரசீன் என்ற மங்கலான சாயம் இணைத்த எதிர்ப்பொருளைப் போட்டுவிட்டு "ஏற்பி இல்லை" என்று அறிவிப்பவர், சாயத்தின் இயலாமையைச் செல்லின் தலையில் சுமத்துகிறார்.

எதிர்ப்பொருளின் அளவையும் தேட வேண்டும். நிறையச் சேர்த்தால் நிறையத் தெரியும் என்பது இங்கே பொய்த்துப்போகிறது. ஓர் அளவுக்கு மேல் இலக்கு நிறைந்துவிட, மிச்சம் பின்னணியை மட்டுமே ஏற்றுகிறது. பாதிப்பாதியாகக் குறைத்துக்கொண்டே ஒரு தொடர் போட்டு, நேர்மறைச் செல்களுக்கும் எதிர்மறைச் செல்களுக்கும் இடைவெளி எந்த அளவில் மிகுதியாக இருக்கிறதோ அதைக் கொள்ள வேண்டும்.

எல்லைக்கோட்டை எங்கே போடுவது?

சி.டி.4 அளவீட்டில் செல்கள் இரண்டு தனித்தனிக் குவியலாக நிற்கும். நடுவே பள்ளம் இருக்கும். கோட்டை அங்கே போட்டுவிடலாம். ஏற்பியின் படத்தில் பெரும்பாலும் அந்தப் பள்ளமே இருக்காது. உதவி டி செல்களில் சி.டி.25 எப்படித் தெரிகிறது என்பதை உற்றுப் பாருங்கள்: பின்னணியோடு ஒட்டிய பெருங்குவியல் ஒன்றும், அதிலிருந்து மேல்நோக்கி இடைவெளியின்றி நீண்டு மெலியும் வால் ஒன்றுமாகத் தெரியும். கோட்டைச் சற்றே மேலே ஏற்றினாலும் கீழே இறக்கினாலும் "நேர்மறை" விழுக்காடு கணிசமாக மாறிவிடும். ஆகவே கோடு எதை நம்பிப் போடப்பட்டது என்பதே முடிவின் உயிர்நாடி.

நெடுங்காலமாகப் பயன்பட்டுவந்தது ஐசோடைப் ஒப்பீடு. ஏற்பியைப் பிடிக்கும் எதிர்ப்பொருளின் அதே வகையைச் சேர்ந்த, ஆனால் மனிதச் செல்லில் இலக்கு எதுவுமில்லாத எதிர்ப்பொருளை இன்னொரு குழாயில் போட்டு, அது காட்டும் ஒளியைப் பின்னணி என்று கொள்வார்கள். என் கருத்தில் இதற்குத் தரப்பட்டுவந்த மதிப்பு அளவுக்கு மீறியது. இரண்டு எதிர்ப்பொருள்களில் இணைந்துள்ள சாயத்தின் விகிதமும் ஒட்டும் தன்மையும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. மங்கலான ஏற்பியில் அந்தச் சிறு வேறுபாடே விடையைப் புரட்டிவிடும். எஃப்.சி. வழியான ஒட்டுதல் எங்கோ நடக்கிறது என்று காட்டிக்கொடுக்க அது உதவும். கோடு போட உதவாது. கோட்டுக்கு, ஏற்பியின் சாயத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாச் சாயங்களையும் போட்ட குழாய் வேண்டும். அண்டைச் சாயங்களின் வழிவும் பரவலும் அதில் அப்படியே தெரிவதால், அதற்கு மேல் வருவதை ஏற்பியின் ஒளி எனக் கொள்ளலாம்.

இவற்றையெல்லாம்விட வலுவான சான்று உயிரியலிலிருந்தே கிடைக்கிறது. அதே குழாயில் அந்த ஏற்பி இருக்கவே கூடாத செல்லும், நிச்சயம் இருக்க வேண்டிய செல்லும் உள்ளனவா என்று பாருங்கள். இன்டர்லூகின்-3 ஏற்பியின் ஆல்ஃபா சங்கிலியான சி.டி.123 பேசோஃபில்களிலும் பிளாஸ்மாசைட்டாய்டு டென்ட்ரிடிக் செல்களிலும் நிறைய உண்டு. இன்டர்லூகின்-5 ஏற்பியான சி.டி.125 ஈயோசினோஃபில்களில் உண்டு. தான் தேடும் எதிர்ப்பொருள் அங்கே பளிச்சிடாமல் எல்லாச் செல்களிலும் சமமாக மங்கலாகத் தெரிந்தால், அது ஏற்பியைக் காட்டவில்லை என்றே பொருள். சாயமில்லாத அதே எதிர்ப்பொருளை மிகுதியாக முன்கூட்டியே சேர்த்து, ஒளி குறைகிறதா என்று பார்ப்பதும் பயனுள்ளது.

குவியல் முழுவதும் சற்றே நகர்ந்திருக்கிறதே தவிர இரண்டாகப் பிரியவில்லை என்றால், "30 விழுக்காடு நேர்மறை" போன்ற எண்ணைத் தராமலிருப்பதே நேர்மை. அங்கே எல்லாச் செல்களிலும் கொஞ்சம் ஏற்பி இருக்கிறது. இடைநிலை ஒளியளவு எவ்வளவு நகர்ந்தது என்று சொல்வதே பொருந்தும். ஒவ்வொரு நுண்மணியிலும் இத்தனை ஃபைகோஎரித்ரின் மூலக்கூறுகள் என்று முன்பே அளவிடப்பட்ட நுண்மணிகளை அதே அமைப்பில் ஓட்டினால், அந்த ஒளியளவை மூலக்கூறு எண்ணிக்கையாகவே மாற்றிக்கொள்ளலாம். ஃபைகோஎரித்ரின் பெரிய புரதமாதலால் ஓர் எதிர்ப்பொருளுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இணைப்பது எளிது, கணக்கும் எளிதாகிறது. வேறு நாளில், வேறு கருவியில் பெற்ற முடிவோடு ஒப்பிட இதுவே நல்ல வழி.

இரண்டு ஏற்பிகளைச் சேர்த்துப் பார்ப்பதால் தெளிவு பிறப்பதும் உண்டு. நோயெதிர்ப்பு மறுமொழியைக் கட்டுக்குள் வைக்கும் ஒழுங்காற்று டி செல்கள் சி.டி.25ஐ மிகுதியாகக் கொண்டவை என்று 1995இல் ஷிமோன் சகாகுச்சி எலிகளில் காட்டினார். அந்தப் பணிக்காக 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார். மனித இரத்தத்தில் ஒரு சிக்கல் இருந்தது: அண்மையில் தூண்டப்பட்ட சாதாரண டி செல்களும் சி.டி.25ஐக் காட்டுவதால், மேலே சொன்ன வாலில் இரண்டும் கலந்தே கிடந்தன. ஒழுங்காற்று டி செல்களில் சி.டி.127 குறைவு என்று 2006இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே வெளியிட்டன. சி.டி.25ஐ ஓர் அச்சிலும் சி.டி.127ஐ மற்றோர் அச்சிலும் வைத்தபோது, ஓரச்சில் வாலாக மட்டும் தெரிந்தது மூலையில் ஒரு தனித் தீவாகப் பிரிந்து நின்றது. உயிருள்ள செல்களைக் கொல்லாமல் அவற்றைப் பிரித்தெடுக்க இன்றும் இந்த இரண்டு ஏற்பிகளே கைகொடுக்கின்றன. செல்லுக்குள் இருக்கும் ஃபாக்ஸ்பி3 புரதத்தைப் பார்க்க வேண்டுமானால் செல் சவ்வைத் துளைத்தாக வேண்டும்.

தெரியாதது இல்லாததாகுமா?

தெரியாமல் போவதற்கு ஏற்பி இல்லாமையைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. நோயாளி உட்கொள்ளும் மருந்தே ஏற்பியை மறைத்திருக்கலாம். முடக்குவாதத்துக்குத் தரப்படும் டோசிலிசுமாப் என்னும் எதிர்ப்பொருள் மருந்து இன்டர்லூகின்-6 ஏற்பியில் உட்கார்ந்துகொள்கிறது. ஆய்வக எதிர்ப்பொருளும் அதே இடத்தைத்தான் நாடுகிறது என்றால், அதற்கு இடம் கிடைக்காது. ஒரே ஏற்பிக்கு விற்கப்படும் வெவ்வேறு குளோன் எதிர்ப்பொருள்கள் (தனித்தனிச் செல் வழிகளிலிருந்து வந்தவை) ஏற்பியின் வெவ்வேறு பகுதிகளைப் பிடிக்கின்றன என்பதால், எந்தக் குளோன் என்று குறிப்பிடாத முடிவை மற்றவர் சரிபார்க்க இயலாது.

சில ஏற்பிகள் ஓய்வு நிலையில் உள்ள செல்லில் கண்டறியும் அளவில் இருப்பதே இல்லை. இன்டர்லூகின்-12 ஏற்பியின் பீட்டா-1 சங்கிலியான சி.டி.212 அத்தகையது. மரபுவழிக் குறைபாட்டைச் சோதிக்கும்போது டி செல்களை ஃபைட்டோஹீமாக்ளூட்டினின் போன்ற தூண்டுபொருளோடு சில நாட்கள் வளர்த்து, அதன் பிறகே நிறமேற்றுவார்கள். அதே நாளில் அதே முறையில் வளர்த்த ஆரோக்கியமானவர் ஒருவரின் செல்களும் பக்கத்தில் இருக்க வேண்டும். எதிர்ப்பொருளில் பயோட்டின் இணைத்து, அதன் மேல், பயோட்டினை இறுகப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டவிடின் என்ற புரதத்தைச் சாயமேற்றி அடுக்கி ஒளியைப் பெருக்கும் வழியும் உண்டு. பின்னணியும் கூடவே பெருகும் என்பதால், ஒப்பீட்டு மாதிரிகள் சரியாக அமைந்த பிறகே இதற்குப் போவது நல்லது.

மரபணுச் செய்தியான எம்.ஆர்.என்.ஏ.வை அளந்துவிட்டால் இந்தத் தொல்லைகள் எல்லாம் தீருமே என்று கேட்கலாம். தனிச்செல் ஆர்.என்.ஏ. வரிசைப்படுத்தலில் குறைந்த அளவில் உள்ள செய்திகள் பல செல்களில் பிடிபடாமலே தப்பிவிடும். பிடிபட்டாலும், அந்தப் புரதம் மேற்பரப்புக்கு வந்து நின்றதா, உள்ளே போனதா, உதிர்ந்ததா என்று ஆர்.என்.ஏ.வுக்குத் தெரியாது. 2017இல் அறிமுகமான சைட்-செக் முறை, சாயத்துக்குப் பதிலாக டி.என்.ஏ. துண்டை எதிர்ப்பொருளில் இணைத்து, ஒரே செல்லில் மேற்பரப்புப் புரதத்தையும் ஆர்.என்.ஏ.வையும் சேர்த்துப் படிக்க வழி செய்தது. சாயங்களின் வழிவு என்ற தொல்லை இதில் இல்லை; எஃப்.சி. ஒட்டுதல், குளோன் தேர்வு, ஏற்பி உதிர்தல் ஆகியவை இங்கும் தொடர்கின்றன.

தெரிவது எல்லாம் வேலை செய்யுமா?

ஏற்பி வேலை செய்கிறதா என்று அறிய, சைட்டோகைனையே கொடுத்துப் பார்க்க வேண்டும். இரத்தத்தில் இன்டர்லூகின்-2ஐக் கலந்து 37 டிகிரியில் 15 நிமிடம் போல வைத்தால், ஏற்பியோடு இணைந்த ஜாக் நொதிகள் விழித்து, ஸ்டாட்5 என்னும் புரதத்தில் பாஸ்பேட் குழுவைச் சேர்க்கின்றன. உடனே பாராஃபார்மால்டிஹைடால் செல்லை அந்த நிலையிலேயே நிறுத்தி, மெத்தனாலால் சவ்வைத் துளைத்து, பாஸ்பேட் ஏறிய ஸ்டாட்5ஐ மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருளால் நிறமேற்றினால், எந்தச் செல் செய்தியைப் பெற்றது என்று தனித்தனியே தெரியும். இன்டர்லூகின்-6க்கு ஸ்டாட்3ஐயும் இன்டர்ஃபெரான்-காமாவுக்கு ஸ்டாட்1ஐயும் பார்ப்பது வழக்கம். மெத்தனால் சில மேற்பரப்புப் புரதங்களையும் ஃபைகோஎரித்ரின் போன்ற புரதச் சாயங்களையும் கெடுத்துவிடுவதால், ஏற்பியின் அளவுக்கு ஒரு குழாயும் சமிக்ஞைக்கு இன்னொரு குழாயும் வைத்துக்கொள்வது நடைமுறையில் எளிது.

இந்த இரண்டாவது குழாய் ஏன் தவிர்க்க முடியாதது என்பதை இன்டர்ஃபெரான்-காமா ஏற்பியின் மரபுக் குறைபாடுகள் காட்டுகின்றன. காசநோய்த் தடுப்பூசியில் உள்ள பி.சி.ஜி. கிருமியும், சூழலில் காணப்படும் வலுவற்ற மைக்கோபாக்டீரியங்களும்கூடச் சில குழந்தைகளுக்குக் கடும் நோயை உண்டாக்குவதற்கு, சி.டி.119 ஏற்பியின் மரபணுப் பழுது ஒரு காரணம் என்று 1996இல் தெரியவந்தது. அவர்களில் பலருடைய மோனோசைட்டுகளில் நிறமேற்றினால் ஏற்பியே தெரியாது. சோதனை அத்துடன் முடிந்துவிடும். வேறு சிலரிடம் ஏற்பி வழக்கமான அளவில் தெரியும், ஆனால் மாறிப்போன அதன் வெளிப்பகுதி சைட்டோகைனைப் பிடிக்காது. 1999இல் விவரிக்கப்பட்ட மூன்றாவது வகையில், மரபணுவின் 818ஆம் இடத்தில் நான்கு எழுத்துகள் விடுபட்டதால் ஏற்பியின் உட்புற வால் குட்டையாகிவிடுகிறது. ஸ்டாட்1 வந்து சேர வேண்டிய இடம் அந்த வாலில்தான் இருந்தது. ஏற்பியைச் செல்லுக்குள் திரும்ப இழுத்துக்கொள்ள உதவும் பகுதியும் அதிலேயே இருந்தது. இரண்டும் போய்விட்டதால், குறைபட்ட ஏற்பிகள் சமிக்ஞை அனுப்ப முடியாமல், உள்ளே திரும்பவும் முடியாமல் மேற்பரப்பில் குவிந்துகொண்டே போகின்றன. மரபணுவின் மறு பிரதியிலிருந்து வந்த நல்ல ஏற்பிகளையும் அவை செயல்பட விடுவதில்லை. அந்த நோயாளியின் மோனோசைட்டில் சி.டி.119 ஆரோக்கியமானவரைவிடப் பலமடங்கு பளிச்சென்று தெரியும். பக்கத்துக் குழாயில் இன்டர்ஃபெரான்-காமா கொடுத்த அதே செல்களிலோ ஸ்டாட்1 சரியாக எழும்புவதில்லை.